சைக்கிளில் நெடுந்தூரம்: குடிதண்ணீரை எதில் சுமப்பது, எதால் சுத்தம் செய்வது?

டர்பன் வட்டாரத்தில் நம்மவர்கள் யாராவது நீண்ட சைக்கிள் பயணத்துக்குத் தயாரானால் முதலில் வரும் கேள்வி, "எந்த ஃபில்டர் வாங்கலாம் அண்ணா?" என்பதுதான். பதில் சொல்வதற்கு முன் நான் திருப்பிக் கேட்பது, எந்தப் பக்கம் போகிறாய் என்று. தண்ணீர் விஷயத்தில் தென்னாப்பிரிக்காவின் கிழக்குக்கும் மேற்குக்கும் சம்பந்தமே கிடையாது. குவாசூலு-நட்டாலிலும் ஈஸ்டர்ன் கேப் மலைக் கிராமங்களிலும் பக்கத்து லெசோத்தோவிலும் ஓடை தாண்டாமல் அரை நாள் ஓட்ட முடியாது. ஆனால் அந்த ஓடைக்கு மேற்புறம் மாடும் இருக்கும், ஆளும் இருப்பார்கள். மேற்கே, காரூ என்ற வறண்ட மேட்டு நிலத்தில் நாள் முழுக்க மிதித்தாலும் ஓடும் தண்ணீர் கண்ணில் படாது. கிடைக்கிற போர் தண்ணீரில் கிருமியைவிட உப்புதான் பிரச்சினை, அந்த உப்பை நீங்கள் வாங்கப்போகும் எந்த ஃபில்டரும் எடுக்காது.

அதனால் நான் சொல்வது இதுதான். கிழக்கே போகிறவர் சுத்தம் செய்யும் வழிக்குக் காசு செலவழிக்க வேண்டும். மேற்கே போகிறவர் சுமக்கும் கொள்ளளவுக்குச் செலவழிக்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் ஃபில்டர்களின் விளம்பர வாசகங்கள் பெரும்பாலும் வட அமெரிக்க மலை ஓடைகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஆள் குடியிருக்காத காட்டு ஓடைக்குப் போதுமான கருவி, பதினைந்து குடும்பங்கள் துணி துவைக்கும் ஓடைக்கும் போதும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

தண்ணீருக்குள் என்ன இருக்கிறது

ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒற்றைச் செல் உயிரிகள் கிருமிகளில் பெரியவை, 4 மைக்ரான் அளவிலிருந்து தொடங்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). காலரா, டைபாய்டு, ஈ-கோலி ஆகிய பாக்டீரியாக்கள் அரை மைக்ரான் தடிமனும் அதற்குக் கொஞ்சம் கூடவும் இருக்கும். ஹெபடைடிஸ் ஏ, நோரோ, ரோட்டா போன்ற வைரஸ்கள் 0.1 மைக்ரானுக்கும் கீழே. சைக்கிள்காரர்கள் வாங்கும் ஃபில்டர்களின் துளை பெரும்பாலும் 0.1 மைக்ரான். முதல் இரண்டு வகையையும் அது பிடித்துவிடும், வைரஸ் நழுவிப் போகும். நமக்குக் கெடுதல் செய்யும் வைரஸ்கள் அநேகமாக மனிதக் கழிவிலிருந்து வருபவை. ஆகவே கேட்க வேண்டியது, இந்தத் தண்ணீருக்கு மேலே மனிதர்கள் வசிக்கிறார்களா என்பது. வசித்தால் ஃபில்டர் மட்டும் போதாது.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு ஆற்று வழியே நடக்கும் டூசி படகுப் போட்டியில் கலந்துகொள்பவர்களுக்கு வயிற்றுப்போக்கு வருவது அவ்வளவு சாதாரணம், அதற்கு ‘டூசி கட்ஸ்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவர்கள் அந்தத் தண்ணீரைக் குடிப்பதுகூட இல்லை, துடுப்புப் போடும்போது வாயில் தெறிப்பதுதான். 2000 ஆகஸ்டில் குவாசூலு-நட்டாலில் தொடங்கிய காலரா அடுத்த ஆண்டு வரை நீடித்து ஒரு லட்சம் பேருக்கு மேல் தாக்கியது. குழாய்த் தண்ணீருக்குக் கட்டணம் கட்ட முடியாதவர்கள் மறுபடியும் ஆற்றுக்குப் போனது அதன் காரணங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது. 2023 மே மாதம் பிரிட்டோரியாவுக்கு வடக்கே ஹம்மன்ஸ்கிரால் பகுதியில் காலராவில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள்.

குழாய்த் தண்ணீர் என்றால்? பெருநகரக் குழாய்களில் நான் தயங்காமல் பிடித்துக் குடிப்பேன். சின்ன ஊர்களில் தயங்குவேன். அரசே வெளியிடும் ‘புளூ டிராப்’ அறிக்கையின் 2023 பதிப்பு, நாட்டின் குடிநீர் வழங்கல் அமைப்புகளில் 46 சதவீதம் கிருமி அளவுகோலில் தேறவில்லை என்றது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, அங்குள்ள நம் குடும்பங்கள் மாதக்கணக்கில் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றதை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. நார்த் கோஸ்ட்டில் இன்றைக்கும் வீட்டுக்கு வீடு பச்சை ஜோஜோ டேங்க் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பில்ஹார்ஸியா தனிக்கதை. டர்பனுக்கு வடக்கேயும் லிம்போப்போ, ம்புமலாங்கா பக்கமும் தாழ்வான, வெதுவெதுப்பான, மெதுவாக ஓடும் ஆறுகளில் நத்தை வழியாக வரும் புழு இது. குடித்து வருவதைவிட, தோலைத் துளைத்து வருவதுதான் அதிகம். ஃபில்டர் வைத்திருக்கிறோம் என்ற தைரியத்தில் முழங்கால் ஆழம் இறங்கி நின்று பாட்டிலை நிரப்பினால் ஃபில்டரால் ஒரு பயனும் இல்லை. கரையில் கல் மேல் நின்று ஒரு குவளையால் மொண்டு எடுங்கள். டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடரின் குளிர்ந்த உயர ஓடைகளில் அந்த நத்தை பிழைப்பதில்லை, அங்கே இந்தக் கவலை வேண்டாம்.

எந்தக் கருவியும் சரிசெய்ய முடியாத தண்ணீரும் உண்டு. விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கப் பகுதிகளிலிருந்து கசியும் அமிலத் தண்ணீரில் உலோகங்கள் கரைந்திருக்கும். ஹார்ட்பீஸ்போர்ட் அணையில் மிதக்கும் நீலப்பச்சைப் பாசி நஞ்சை உண்டாக்கக்கூடியது. கொதிக்க வைத்தால் பாசி சாகும், அதற்குள் இருந்த நஞ்சு தண்ணீரில் கலக்கும். பச்சைப் பெயின்ட் ஊற்றியதுபோல் இருக்கும் அணைத் தண்ணீரைத் தொடாமல் அடுத்த ஊருக்கு ஓட்டுங்கள்.

சுத்தம் செய்யும் வழிகள்

இன்று பெரும்பாலோர் வாங்குவது நுண்குழாய் ஃபில்டர். சாயர் ஸ்குவீஸ், கட்டாடின் பீஃப்ரீ இரண்டும் இந்த வகை. இரண்டுமே 100 கிராமுக்குள். பையில் தண்ணீரை மொண்டு, மேலே ஃபில்டரைத் திருகி, பிழிந்தால் உடனே குடிக்கலாம். காத்திருக்க வேண்டாம், மருந்து வாடை இல்லை. மலை ஓடைக்கு இதைவிட இதமான வழி கிடையாது. பீஃப்ரீ புதிதாக இருக்கும்போது தண்ணீர் வேகமாக வரும், ஆனால் சேற்றுத் தண்ணீரில் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். பையில் நல்ல தண்ணீர் ஊற்றிக் குலுக்கித்தான் அதைச் சுத்தம் செய்ய முடியும். சாயர் மெதுவானது, ஆனால் சிரிஞ்ச் வைத்துப் பின்பக்கமாக அழுத்திக் கழுவலாம், உழைக்கும். அதன் மரை நம் கடைகளில் விற்கும் சாதாரண குளிர்பான பாட்டில்களில் பலவற்றுக்குப் பொருந்தும் என்பது எனக்குப் பெரிய விஷயம். பை கிழிந்தால் ஸ்பாஸா என்கிற ஊர்ப் பெட்டிக்கடையில் ஒரு பாட்டில் கோலா வாங்கினால் போதும், ஃபில்டர் மறுபடி வேலை செய்யும். பீஃப்ரீயின் வாய் அகலமானது, அதற்கென்று உள்ள பை கிழிந்தால் ஊர்நாட்டில் மாற்று கிடைக்காது. லெசோத்தோ பக்கமோ ஈஸ்டர்ன் கேப்பின் டிரான்ஸ்கை பக்கமோ போகிறவருக்கு நான் சாயரைத்தான் சொல்வேன்.

இந்த வகை ஃபில்டருக்கு இரண்டு குறைகள். வைரஸ் நழுவும் என்பது ஒன்று. ஒரு முறை நனைந்த பிறகு உறைந்துபோனால் உள்ளே இருக்கும் நுண்குழாய்கள் வெடித்துவிடும் என்பது இன்னொன்று. வெடித்தது வெளியே தெரியாது. தண்ணீர் வழக்கம்போல வரும், கிருமியோடு வரும்.

முதல் குறையை ஈடுகட்டுவது மாத்திரை. இதிலும் இரண்டு வகை உண்டு, கடைக்காரர் பிரித்துச் சொல்லமாட்டார். சாதாரண குளோரின் மாத்திரை அரை மணி நேரத்தில் பாக்டீரியாவையும் வைரஸையும் கொன்றுவிடும், மலிவு, மருந்துக் கடையில் கிடைக்கும். ஆனால் கிரிப்டோஸ்போரிடியத்தை அது ஒன்றும் செய்யாது. குளோரின் டை-ஆக்ஸைடு மாத்திரை விலை கூட, கிரிப்டோவையும் கொல்லும். அதற்கு நாலு மணி நேரம் காத்திருக்க வேண்டும், தண்ணீர் சில்லென்று இருந்தால் வேலை இன்னும் மெதுவாகும். கையில் ஃபில்டர் இருக்கிறதா? அப்போது மலிவான குளோரினே போதும். பெரிய உயிரிகளை ஃபில்டர் பிடிக்கிறது, நழுவும் வைரஸை மாத்திரை கொல்கிறது. ஃபில்டர் இல்லாமல் மாத்திரையை மட்டும் நம்பிப் போகிறவர் டை-ஆக்ஸைடு வாங்கட்டும், இரவில் போட்டு வைத்துக் காலையில் குடிக்கட்டும். எலுமிச்சையோ வைட்டமின் சி மாத்திரையோ குளோரின் வாடையைப் போக்கும். காத்திருக்கும் நேரம் முடிந்த பிறகுதான் சேர்க்க வேண்டும், முன்னாலேயே பிழிந்தால் மருந்தே செத்துவிடும்.

மாத்திரை தீர்ந்து கிராமத்துக் கடையில் நிற்கிறீர்கள் என்றால் ஜிக் என்ற ப்ளீச் இருக்கிறதா பாருங்கள். வாசனை சேர்க்காத சாதா ஜிக் மட்டும். 20 முதல் 25 லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி ப்ளீச் ஊற்றிக் கலக்கி, குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள் என்பது இந்த நாட்டுச் சுகாதாரத் துறையினர் காலரா காலத்தில் சொல்லும் அளவு. ஒரு லிட்டருக்குக் கணக்குப் போட்டால் கால் மில்லிக்குள், நாலைந்து சொட்டு. பழைய பாட்டிலில், வெயிலில் கிடந்த ப்ளீச்சுக்கு வீரியம் குறைந்திருக்கும். அவசரத்துக்கு நல்ல வழி, பயணம் முழுக்க இதையே நம்ப நான் சொல்லமாட்டேன்.

புற ஊதா விளக்கு, அதாவது ஸ்டெரிபென் மாதிரிக் கருவி, ஒரு லிட்டரை ஒன்றரை நிமிடத்தில் முடித்துவிடும், வைரஸ் உட்பட எல்லாவற்றையும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தண்ணீர் தெளிவாக இருந்தால்தான் ஒளி உள்ளே போகும். கோடை மழைக்குப் பிறகு குவாசூலு-நட்டாலின் எந்த ஆறு தெளிவாக ஓடுகிறது? வெஸ்டர்ன் கேப் மலைகளில் வேறு சிக்கல். அங்கே ஃபின்போஸ் செடிகளின் சாறு இறங்கி ஓடைத் தண்ணீர் பழுப்பாக இருக்கும். பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை, அந்த நிறத்தால் கெடுதல் இல்லை, ஆனால் அது ஒளியையும் மறைக்கும், குளோரினையும் தின்னும். அந்தத் தண்ணீருக்கு முதலில் ஃபில்டர்தான். இது தவிர, அதிர்ந்துகொண்டே போகும் மண்சாலையில் ஒரு கண்ணாடி விளக்கையும் பேட்டரியையும் நம்பி வயிற்றை ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை. வாகனத்தில் போகிறவருக்கு நல்ல கருவி.

அழுத்தும் வகை பாட்டில் ஒன்று உண்டு, கிரேல் ஜியோபிரஸ். மேலிருந்து உடல் எடையைப் போட்டு அழுத்தினால் சில நொடிகளில் 710 மில்லி தண்ணீர் வைரஸ் உட்படக் கிருமிகள் நீங்கி வந்துவிடும். இதில் உள்ள கார்பன் வாடையையும் கொஞ்சம் இரசாயனத்தையும் எடுக்கும். ஒரே ஒரு பொருள், யோசிக்க வேண்டாம், முதல் முறை போகிறவருக்குப் பிடித்துவிடும். அதன் விலை, சுமார் 450 கிராம் எடை, சாதாரண பாட்டில் கூண்டில் அடங்காத பருமன், ஏறக்குறைய 250 லிட்டரில் தீர்ந்துபோகும் கார்ட்ரிட்ஜ் இவற்றைப் பார்த்துத்தான் நான் தயங்குகிறேன். ஊர் ஊராக ஓட்டி, குழாய்த் தண்ணீரை மட்டும் சந்தேகப்படுகிறவருக்கு இது சரியான தேர்வு. மூன்று பேருக்கு இரவுச் சமையலுக்குத் தண்ணீர் எடுக்க வேண்டுமென்றால் கை கழன்றுவிடும்.

கொதிக்க வைப்பது பழைய வழி, எதையும் விட்டுவைக்காத வழி. லெசோத்தோவுக்கு ஏறும் சானி பாஸ் கணவாயின் உச்சியில், 2,800 மீட்டருக்கு மேல், தண்ணீர் 90 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். அதுவும் போதும், ஆனால் 2,000 மீட்டருக்கு மேலே ஒரு நிமிடத்துக்குப் பதில் மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள். எரிபொருள்தான் செலவு. லெசோத்தோ மேட்டில் விறகுக்கு மரமே கிடையாது. எப்படியும் டீயும் சோறும் போடப் போகிறோம், அந்தத் தண்ணீருக்கு மட்டும் தனியாக ஃபில்டரோ மாத்திரையோ வீணாக்க வேண்டாம்.

சேறு

இந்த விஷயத்தை யாரும் கண்டுகொள்வதில்லை, ஆனால் கிழக்குப் பக்கப் பயணத்தில் ஃபில்டர் கைவிடுவது பெரும்பாலும் சேற்றால்தான். நம் வீடுகளில் இதற்குப் பதில் ஏற்கெனவே உண்டு. பழைய பருத்திச் சேலையை நாலாக மடித்து அதன் வழியே தண்ணீரை ஊற்றுங்கள். பங்களாதேஷின் மத்லாப் வட்டாரக் கிராமங்களில் ரீட்டா கால்வெல் குழுவினர் இதைச் செய்து பார்த்து, காலரா 48 சதவீதம் குறைந்ததாக 2003-இல் வெளியிட்டார்கள். காலராக் கிருமி ஒட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய நீர்வாழ் உயிரிகளைத் துணி பிடித்துக்கொள்வதுதான் காரணம். துவைத்துத் துவைத்து இழை பிரிந்த பழைய துணிதான் நல்லது, புதுத்துணியில் இடைவெளி பெரிது. பாட்டியின் பழைய சேலையிலிருந்து ஒரு கைக்குட்டை அளவு வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள், எடையே தெரியாது.

தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறம் இழைத்துத் தண்ணீரைத் தெளிய வைப்பது நம் முன்னோர் பழக்கம். டர்பனில் அது எளிதில் கிடைக்காது, படிகாரம் கிடைக்கும். மடிக்கும் பையில் கலங்கல் தண்ணீரை நிரப்பி, சிட்டிகை படிகாரத்தூளைக் கலக்கி, இரவில் அசையாமல் வைத்துவிட்டால் காலையில் அடியில் சேறும் மேலே தெளிவும் நிற்கும். தெளிந்த தண்ணீர் சுத்தமான தண்ணீர் ஆகிவிடாது, அதற்குப் பிறகுதான் ஃபில்டரும் மாத்திரையும். ஆனால் இந்த ஒரு படியால் ஃபில்டரின் ஆயுள் எவ்வளவோ கூடும்.

இன்னொரு பழக்கம். அழுக்குத் தண்ணீர் எடுக்கும் பைக்குச் சிவப்பு டேப் ஒட்டுங்கள், அதில் வேறு எதையும் ஊற்றாதீர்கள். பாட்டில் வாயின் மரையில் ஒட்டியிருக்கும் ஒரு சொட்டு ஆற்றுத் தண்ணீர் போதும், செய்த வேலை எல்லாம் வீணாக.

எதில் சுமப்பது

ஒரு லிட்டர் ஒரு கிலோ. எவ்வளவு நல்ல பை வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. எங்கே வைக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

சைக்கிளின் நடு முக்கோணம்தான் முதல் இடம். எடை தாழ்வாகவும் நடுவிலும் இருக்கும், வண்டி ஆடாது. அங்கே கூண்டில் இரண்டு பாட்டில் வைப்பதா, ஃபிரேம் பை போட்டு அதற்குள் மூன்று லிட்டர் தண்ணீர்ப் பை வைப்பதா என்பது பெரிய விவாதம். பாட்டில் என்றால் எவ்வளவு மிச்சம் என்று கண்ணால் பார்க்கலாம், எந்தக் குழாயிலும் நொடியில் நிரப்பலாம், கழுவலாம். பை என்றால் அதே இடத்தில் இரண்டு மடங்கு தண்ணீர் போகும், ஆனால் மிச்சம் எவ்வளவு என்று தெரியாது, கிழிந்தால் பையில் உள்ள எல்லாமே நனையும். கிழக்கில் நான் பாட்டில் பக்கம். தண்ணீர் அடிக்கடி கிடைக்கும் இடத்தில் நிரப்பும் சுலபம்தான் முக்கியம். காரூவுக்கு ஃபிரேம் பைக்குள் தண்ணீர்ப் பை.

முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் இரண்டு பக்கமும் கூண்டு போட்டு ஒன்றரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் இரண்டு வைப்பது மலிவான, நல்ல வழி. இரண்டு பக்கமும் சம எடையாக இருக்கட்டும், ஒன்றை மட்டும் குடித்துத் தீர்க்காதீர்கள், ஹேண்டில் இழுக்கும். இங்குள்ள மண்சாலைகளில் குறுக்கே வரி வரியாகப் பள்ளம் விழுந்திருக்கும். அந்த அதிர்வில் கூண்டின் போல்ட் கழன்று விழுவது சகஜம். மரைப் பசை போடுங்கள், கூடவே ஒரு வார் கட்டுங்கள். சஸ்பென்ஷன் ஃபோர்க் என்றால் இந்த இடத்தை நான் தவிர்ப்பேன்.

டவுன் ட்யூப், அதாவது ஃபிரேமின் கீழ்க்குழாயின் அடியில் வைக்கும் பாட்டில் பற்றி ஓர் எச்சரிக்கை. முன்சக்கரம் வாரி இறைப்பது எல்லாம் அதன் மேல்தான். மாடு நடக்கும் பாதையில் அது வெறும் சேறு இல்லை. அங்கே மூடி போட்ட பாட்டில் மட்டும், அதுவும் சமையல் தண்ணீருக்கு மட்டும்.

முதுகுப் பையில் தண்ணீர் சுமப்பதைப் பலர் விரும்புகிறார்கள். குழாய் வாயருகே இருப்பதால் அடிக்கடி குடிப்பார்கள், அது உண்மையான நன்மை. கரடுமுரடான இறக்கத்தில் பாட்டிலுக்குக் கை நீட்ட வேண்டாம். ஆனால் முதுகில் ஏறும் இரண்டு மூன்று கிலோ நேராக இருக்கையில் இறங்குகிறது. நாள் முழுக்க உட்காரும்போது அதன் வலி தெரியும். ஒரு நாள் ஓட்டத்துக்குச் சரி, வாரக்கணக்கில் வேண்டாம்.

கடைசியாக, காலியாக மடித்து வைத்திருந்து தேவைப்படும்போது மட்டும் நிரப்பும் பை. இது எல்லோரிடமும் இருக்க வேண்டும். மாலையில் கடைசித் தண்ணீர் கிடைக்கும் இடத்தில் நிரப்பி, முகாம் போடும் இடம் வரை மட்டும் சுமப்பதற்கு. இந்த நாட்டில் இதற்கு ஒரு செலவில்லாத வழி, ஐந்து லிட்டர் பெட்டி ஒயினின் உள்ளே இருக்கும் பை. கெட்டியானது, குழாயும் சேர்ந்தே வரும், தொங்கவிட்டால் கை கழுவலாம். வாடை போகச் சில முறை அலச வேண்டும். புரட்டாசி விரதம் இருக்கும் வீடுகளில் இதைக் கேட்க முடியாது, கடையில் விற்கும் மடிக்கும் பையை வாங்குங்கள். எதுவானாலும் கீழே வைக்கும்முன் தரையைத் தடவிப் பாருங்கள், இங்குள்ள முள் டயரை விட்டுவைப்பதில்லை, பையை விடுமா?

காரூவின் கணக்கு

கால்வினியாவிலிருந்து சீரீஸுக்குப் போகும் ஆர்355 மண்சாலை ஏறக்குறைய 250 கிலோமீட்டர். இரண்டு ஊர்களுக்கு நடுவே வேறு ஊரே இல்லாத சாலைகளில் இந்த நாட்டிலேயே மிக நீளமானது என்று பெயர் பெற்றது. சீரீஸிலிருந்து 80 கிலோமீட்டர் தள்ளி டாங்க்வா பாட்ஸ்டால் என்ற சாலையோரக் கடை இருக்கிறது. அப்படியென்றால் வடக்கிலிருந்து வருகிறவருக்குக் கடைக்கு முன்னால் 170 கிலோமீட்டர். சுமையோடு மணிக்கு 14 கிலோமீட்டர் என்று வைத்தால் 12 மணி நேர மிதிப்பு, நடுவே ஓர் இரவு. வெயிலில் மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை போகும். ஆகவே ஆறிலிருந்து பன்னிரண்டு லிட்டர், இரவுச் சமையலுக்கு இரண்டு லிட்டர் தனி. கோடையில் இந்தச் சாலைக்கு நான் யாரையும் போகச் சொல்லமாட்டேன். குளிர்காலத்தில் எட்டு லிட்டர் வைத்துக்கொண்டு போகலாம்.

நடுவே காற்றாலை பம்புகள் தென்படும். சிலது சுற்றும், சிலது பல வருடமாகச் சுற்றாது, தூரத்திலிருந்து பார்த்துத் தீர்மானிக்க முடியாது. அதனால் காற்றாலையைக் கணக்கில் சேர்க்காதீர்கள், கிடைத்தால் லாபம். ஆடு குடிக்கும் தொட்டியில் மொள்ளாமல், சிமெண்ட் தொட்டிக்குள் குழாய் விழும் இடத்தில் பிடியுங்கள். அது பண்ணைக்காரரின் தண்ணீர், ஆள் இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள், வாசல் கேட் திறந்திருந்தால் திறந்தபடியும் மூடியிருந்தால் மூடியபடியும் விட்டுச் செல்லுங்கள். கேட்டால் தண்ணீர் இல்லையென்று சொல்லும் பண்ணை வீட்டை நான் பார்த்ததில்லை. பெரும்பாலும் கூரையிலிருந்து மழைநீர் பிடித்த தொட்டியைக் காட்டுவார்கள், குடிக்க அதுதான் இனிப்பு. பறவை எச்சம் கலந்திருக்கும் என்பதால் அதற்கு ஃபில்டரோ மாத்திரையோ வேண்டும்.

போர் தண்ணீரை அவர்கள் ‘பிராக்’ என்பார்கள், நம் உவர்நீர்தான். கொதிக்க வைத்தால் உப்பு இன்னும் கூடும். கொஞ்சம் உவர்ப்பு என்றால் டீயில், சோற்றில் தெரியாது, சமையலுக்கு அதையும் குடிக்க நல்ல தண்ணீரையும் பிரித்து வையுங்கள். வாயில் வைக்க முடியாத உவர்ப்பு என்றால் குடிக்க வேண்டாம், வயிற்றைப் போக்கி உள்ளதையும் இழக்கச் செய்யும்.

வயிறு போனால், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் எட்டுத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. இங்குள்ள எந்த மருத்துவ நிலையத்திலும் தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவு இது. வயிறு நன்றாக இருந்தாலும், வெயிலில் வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடிப்பது ஆபத்து, இரத்தத்தில் உப்பு குறைந்து தலை சுற்றும். ஊறுகாய் ஒரு சின்ன டப்பாவில் எடுத்துப்போகச் சொல்வது ருசிக்காக மட்டும் இல்லை.

எங்கே போகிறவருக்கு எது

வெருலம், டோங்காட், ஸ்டேங்கர் என்று நார்த் கோஸ்ட்டில் இரண்டு நாள் சுற்றுகிறவருக்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். இரண்டு பாட்டில், ஒரு அட்டை குளோரின் மாத்திரை. பெட்ரோல் பங்க், போலீஸ் நிலையம், கோயில் எங்கும் குழாய் உண்டு. ஆற்றைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

டிராக்கன்ஸ்பர்க் ஏறி லெசோத்தோ போகிறவருக்குச் சாயர் ஃபில்டர், குளோரின் மாத்திரை, சேலைத் துணி, மூன்று லிட்டர் கொள்ளளவு, மடிக்கும் பை ஒன்று. கிராமத்துக்கு மேலே உள்ள ஊற்றிலோ குழாய் போட்ட ஊற்றிலோ ஃபில்டர் மட்டும், கிராமத்துக்குக் கீழே ஓடும் ஓடையில் இரண்டும். ஊற்று எங்கே என்று தண்ணீர்க் குடத்தோடு போகும் பெண்களைக் கேளுங்கள், வரைபடத்தைவிட அவர்களுக்குத் தெரியும்.

காரூவுக்குப் பத்து லிட்டர் கொள்ளளவு, ஃபில்டர் எது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், மாத்திரைகூடப் போதும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து கேப்பின் ஒயின் தோட்டங்கள் வரை 2,000 கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஃப்ரீடம் டிரெய்ல் போகிறவருக்குத்தான் உண்மையான தலைவலி. ஒரே பயணத்தில் இரண்டு பாதியும் வருகிறது, அந்தப் பாதையில் போட்டி நடப்பதும் குளிர்காலத்தில்தான். கிழக்கே ஃபில்டரும் மாத்திரையும் உழைக்கும். மேற்கே போகப் போகக் காலிப் பைகள் ஒவ்வொன்றாக நிரம்பத் தொடங்கும். ஆகவே ஃபிரேமில் பாட்டில், ஃபோர்க்கில் காலிக் கூண்டு, பின்பையில் மடித்த பை என்று கிளம்பலாம். ஜூன், ஜூலையில் காரூ மேட்டில் இரவு உறைபனி நிச்சயம், சதர்லாந்து பக்கம் சொல்லவே வேண்டாம். இருட்டியதும் ஃபில்டரை நன்றாக உதறி, ஜிப் பையில் போட்டு, தூக்கப் பைக்குள் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். பாட்டில்களைத் தலைகீழாக நிறுத்துங்கள், பனிக்கட்டி மேலிருந்து பிடிக்கும், காலையில் வாய்ப்பக்கம் திறக்கும். ஃபில்டர் வெளியே கிடந்து உறைந்திருக்குமோ என்ற சந்தேகம் வந்துவிட்டால் அதை மறுபடி நம்பாதீர்கள். மிச்சப் பயணத்துக்குக் குளோரின் டை-ஆக்ஸைடு பத்துப் பன்னிரண்டு மாத்திரை தனியாக எடுத்துவைத்திருந்தால் போதும், அவை தீப்பெட்டி அளவுகூட இடம் பிடிக்காது.